நீர்நிலை மீட்பில் கண்காணிப்பின் தகுதி: வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளை முன்வைத்து

ஓர் ஏரி தூர்வாரப்பட்டது என்பதும் அந்த ஏரி மீண்டது என்பதும் ஒன்றல்ல. முன்னதை அளக்க மண் அள்ளிய கணக்குப் போதும். பின்னதை அறியப் பல ஆண்டுகள், பல பருவங்கள், ஒப்பிடத்தக்க வேறு நீர்நிலைகள் ஆகியவை வேண்டும். புதுச்சேரியின் ஊரகக் கொம்யூன்களான வில்லியனூர், பாகூர் ஆகியவற்றில் ஆறும் ஏரியும் ஒரே நீரமைப்பின் உறுப்புகள். அங்கு நடைபெறும் மீட்புப் பணிகளின் விளைவை அறிவியல் கண்காணிப்பு எந்த அளவுக்குச் சொல்ல வல்லது என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

செஞ்சிப் பகுதியிலிருந்து வரும் சங்கராபரணி, வீடூர் அணையைக் கடந்து வில்லியனூர் வழியாகப் பாய்ந்து, அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரு கிளைகளாகக் கடலை அடைகிறது. சுத்துக்கேணி வாய்க்கால் இவ்வாற்று நீரை ஊசுட்டேரிக்குக் கொண்டு செல்கிறது. தெற்கே தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரியை நிரப்புகிறது. புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உள்ளன. 1999-ஆம் ஆண்டளவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் தொடங்கப்பட்ட ஏரிச் சீரமைப்புத் திட்டம் இவற்றைப் புதுப்பிப்பதையும் ஏரிப் பயனாளர் சங்கங்களை அமைப்பதையும் நோக்கமாகக் கொண்டது.

இத்தகைய பணிகளில் பெரும்பாலும் பதிவாவது பணியின் அளவே: அள்ளிய மண் எத்தனை கனமீட்டர், பலப்படுத்திய கரை எத்தனை மீட்டர், செப்பனிட்ட மதகுகள் எத்தனை. இவை செலவுக்குச் சான்று, விளைவுக்குச் சான்றாகா. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் தேங்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது. நிலத்தடி நீர்ச் செறிவுக்கும் கால்நடைக்கும் அது உதவக்கூடும். கடைமடை உழவருக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை. ஆகவே கொள்ளளவு கூடியது என்ற ஒற்றை எண், யாருக்காகக் கூடியது என்ற கேள்விக்கு விடை தருவதில்லை. மதகு மட்டத்துக்கு மேலுள்ள கொள்ளளவையும் கீழுள்ளதையும் தனித்தனியே பதிவு செய்வது எளிய திருத்தம்தான். அது வழக்கமாகாதது வியப்புக்குரியது.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. எமிலி பெர்ன்ஹார்ட்டும் சக ஆய்வாளர்களும் 2005-இல் அமெரிக்காவின் 37,000-க்கு மேற்பட்ட ஆற்று மீட்புத் திட்டப் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அவற்றுள் ஏறத்தாழ பத்து விழுக்காட்டில் மட்டுமே ஏதேனும் ஒரு மதிப்பீடோ கண்காணிப்போ நடந்ததற்கான குறிப்பு இருந்தது. அந்நாட்டின் மேற்குக் கரையில் சால்மன் மீன்களை மீட்கப் பெருந்தொகை செலவிடப்படுவதால், செலவுக்குப் பலன் உண்டா என்ற கேள்வி அங்கு கூர்மையடைந்தது. அதிலிருந்து வலுப்பெற்ற முறையே ‘முன்–பின், ஒப்பீடு–தலையீடு’ என்ற ஆய்வமைப்பு. பணி நடக்கும் ஓடையையும் பணி நடக்காத ஒத்த ஓடையையும், பணிக்கு முன்னும் பின்னும் சேர்ந்தே அளப்பது இதன் சாரம். ஒரெகான் மாநிலத்தில் ஜான் டே ஆற்றின் கிளையான பிரிட்ஜ் ஓடையில் நீர்நாய் போன்ற உயிரினமான பீவரின் அணைகளை ஒத்த சிறு தடுப்புகள் அமைக்கப்பட்டன. ஸ்டீல்ஹெட் மீன்குஞ்சுகள் பெருகியதை அங்கு உறுதியாகக் கூற முடிந்ததற்கு அருகிலிருந்த ஒப்பீட்டு ஓடையே காரணம்.

நம் பகுதியில் ஒப்பீட்டின் தேவை இன்னும் கூடுதல். ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், சில வாரங்களுக்குள் பெய்துவிடுகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை பதிவானது. அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருகி, பாகூர்ப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. அவ்வாண்டின் கோடையில் தூர்வாரிய ஏரி ஒன்றில் அடுத்த சனவரியில் நீர் நிறைந்திருந்தால் அது பணியின் பயனா, புயலின் பயனா? தூர்வாராத ஏரியிலும் அதே மாதம் நீர்மட்டம் அளக்கப்பட்டிருந்தால் மட்டுமே இரண்டையும் பிரித்தறிய இயலும். 84 ஏரிகளிலும் ஒரே ஆண்டில் பணி நடைபெறுவதில்லை. முறைவைத்து நடக்கும் இவ்வேறுபாடே, கூடுதல் செலவின்றிக் கிடைக்கும் ஒப்பீட்டுத் தொகுதியாகும்.

பறவைக் கணக்கெடுப்பில் வேறொரு சிக்கல் உண்டு. ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008-இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. சனவரியில் எடுக்கப்படும் நீர்ப்பறவைக் கணக்கு, ஏரியின் நலத்துக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் நல்ல மழைபெய்த ஆண்டில் சுற்றுவட்டாரத்தின் சிற்றேரிகளும் நிறைந்திருக்கும், பறவைகள் பரவிவிடும். வறண்ட ஆண்டில் அவை பேரேரியில் குவியும். எண்ணிக்கை உயர்வு சில வேளைகளில் வட்டாரத்தின் வறட்சியையே காட்டும். மேலும், ஆழப்படுத்திய ஏரி முக்குளிப்பானுக்கும் வாத்துக்கும் ஏற்றது. சேற்று விளிம்பில் இரைதேடும் உள்ளானுக்கு ஏற்றதன்று. பாசனத்துக்கு வெற்றியாக அமையும் பணி, ஒரு பறவைக் குழுவுக்கு இழப்பாகலாம். மொத்தப் பறவைகள் என்ற எண் இதை மறைத்துவிடுகிறது. உணவு முறையின்படி பிரித்து, அன்றைய நீர்மட்டத்தையும் குறித்தால்தான் அக்கணக்கு பொருள் தரும்.

ஆற்று நீரின் தரம் குறித்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் வெளியிட்ட 351 மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் சுண்ணாம்பாறும் இடம்பெற்றது. இப்பட்டியலுக்கு அடிப்படை, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. அது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மிகாதிருக்க வேண்டும். கரைந்துள்ள ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையாதிருக்க வேண்டும். இது குளிப்பதற்குரிய நீரின் வரையறை. மீனுக்கு இது போதுமா என்பது தனிக் கேள்வி. பாசி மிகுந்த நீரில் பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் உயர்ந்து, இரவு முழுதும் குறைந்து, விடியற்காலையில் மிகத் தாழ்வடையும். மீன்கள் மூச்சுத் திணறி மேலே வருவது அப்போதுதான். முற்பகலிலோ நண்பகலிலோ எடுத்த மாதிரி அந்நேரத்தைக் காணாது. மாதத்துக்கு ஒரு மாதிரி என்ற முறையை மாற்ற இயலாவிடினும், ஆண்டுக்குச் சில முறையேனும் விடியலில் அளப்பது கடினமன்று.

சால்மன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கு ஏறுகிறது. நம் கொடுவாயும் விலாங்கும் இதற்கு மறுதலை: கடலிலோ கழிமுகத்தையொட்டியோ முட்டையிட, அவற்றின் குஞ்சுகள் நன்னீரை நாடி மேலேறுகின்றன. நிலத்தடி நீருக்காகச் சங்கராபரணியில் கட்டிய படுகை அணைகள் நீரைத் தேக்கும் அதே வேளையில் இவ்வழியையும் தடுக்கக்கூடும். வில்லியனூரை அடுத்த பிள்ளையார்குப்பம் படுகை அணையின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் ஒரே வலை, ஒரே நேர அளவு, ஒரே பருவம் என வகுத்துக்கொண்டு மீன் இனங்களைப் பதிவு செய்தால் இந்த ஐயத்துக்கு விடை கிடைக்கும்.

மீன் கணக்கில் இன்னொரு பொறி உண்டு. ஏரிகளில் கட்லா, ரோகு குஞ்சுகள் விடப்படுவதால் பிடிபட்ட எடை உயர்வது நீர்நிலை மீண்டதற்குச் சான்றாகாது. அமெரிக்க மேற்குக் கரையில் பொரிப்பகச் சால்மன்களின் கொழுப்புத் துடுப்பை நறுக்கி விடுகின்றனர். துடுப்புள்ளது இயற்கை மீன் எனப் பெரும்பாலும் கொண்டு இரண்டையும் தனித்தனியே எண்ணுகின்றனர். நமக்கு அந்த உழைப்பும் தேவையில்லை. குஞ்சாக விடப்படாத கெளுத்தி, உளுவை, ஆரல் போன்றவற்றைத் தனியே எடைபோட்டாலே போதும். குத்தகைதாரர் கணக்கில் இவை பெரும்பாலும் ‘கலப்பு’ என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடுகின்றன. அவ்வரியை இனவாரியாகப் பிரித்து எழுதச் செய்வதும், மதகருகே நிலையான அளவுகோல் நட்டு வாரந்தோறும் நீர்மட்டத்தைக் குறிக்க ஏரிப் பயனாளர் ஒருவரை அமர்த்துவதும் அடுத்த தூர்வாரல் தொடங்குமுன் செய்யத்தக்கவை. மண் அள்ளத் தொடங்கிய பின் ‘முன்’ என்ற அளவீட்டை எவராலும் எடுக்க இயலாது.