ஒரு வார்ப்புரு, பல பாடல்கள்

நாமக்கல் அருகே நான் பணிபுரியும் நடுநிலைப் பள்ளியில் இசைக்கெனத் தனி ஆசிரியர் இல்லை. மெட்டு தெரிந்தவர் மாறுதலில் சென்றால் மெட்டும் அவருடனே போய்விடும். ஆகவே பாடல்களை மியூஸ்ஸ்கோர் என்னும் இலவச மென்பொருளில் எழுதி வைக்கிறோம். ஒவ்வொரு பாடலுக்கும் புதிதாகப் பக்கம் அமைக்க வேண்டியதில்லை. ஒரு வார்ப்புரு போதும்.

புதிய கோப்பில் குரல், ஆர்மோனியம் இரண்டையும் சேருங்கள். தாள் அளவை ஏ4 என வையுங்கள். பாடல் வரிகளுக்கு லதா போன்ற ஒருங்குறி எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் எழுத்துகள் சிதையாமல் சுரங்களின் கீழ் அமரும். சுரம் எதுவும் எழுதாமல், மென்பொருளின் 'டெம்ப்ளேட்ஸ்' கோப்புறையில் சேமியுங்கள். அடுத்த பாடலைத் தொடங்கும்போது வார்ப்புருப் பட்டியலில் அது இருக்கும். தலைப்பையும் தாள அளவையும் மட்டும் கொடுத்தால் போதும்.

தமிழ்த்தாய் வாழ்த்திலிருந்து தொடங்கலாம். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட அது, மோகன ராகத்தில், திசிர நடையில், 55 விநாடிகளில் பாட வேண்டியது. மோகனத்துக்கு ஸ, ரி, க, ப, த என ஐந்து சுரங்களே. ஒரு கட்டை சுருதியில் எழுதினால் ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளே போதும். பிறகு 'டிரான்ஸ்போஸ்' கட்டளையால் குழந்தைகளின் குரலுக்கேற்ற சுருதிக்கு மாற்றிக்கொள்ளலாம். மென்பொருளே வாசித்தும் காட்டும்.

கமகங்கள் கோடுகளில் முழுமையாக அடங்கா. அதற்கு ஒரு குரல் பதிவையும் சேர்த்து வையுங்கள். இரண்டும் பள்ளிக் கணினியில் இருந்தால், யார் மாறிச் சென்றாலும் பாட்டு பள்ளியிலேயே இருக்கும்.