உழுவோர்க்கு நிலம் தந்த இணையர்

தலைநகர் தில்லியில் உள்ள உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று ஒரு தீர்ப்பை வழங்கியது. கடலோரத்தில் விளைநிலங்களையும் குடிநீரையும் உப்பாக்கிய இறால் பண்ணைகளைப் பற்றிய வழக்கு அது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைக் குட்டைகள் இருக்கலாகாது என்றும், சூழலைக் கெடுத்தவரே இழப்பீடு தர வேண்டும் என்றும் ஆணையிட்டது. 1994-இல் அவ்வழக்கைத் தொடுத்த எஸ். ஜெகந்நாதன் ஒரு காந்தியத் தொண்டர். அவருடைய துணைவியார் கிருஷ்ணம்மாள். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றாகப் பொதுத் தொண்டாற்றிய இவ்விருவரையும் இவ்விதழில் நாம் நினைவுகூர்கிறோம்.

வசதியான குடும்பத்தில் பிறந்த ஜெகந்நாதன், 1930-இல் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கல்லூரிப் படிப்பைத் துறந்தார். 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். கிருஷ்ணம்மாள் 1926-இல், இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். மதுரையில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் ஆதரவில் தங்கிப் பயின்று பட்டம் பெற்றார். நாடு விடுதலை அடைந்த பின்னரே மணம் புரிவது என்று உறுதி பூண்டிருந்த இருவரும் 1950-இல் இல்வாழ்வில் இணைந்தனர். சாதி கடந்த மணம் அக்காலத்தில் எத்தகைய எதிர்ப்பைச் சந்தித்திருக்கும் என்பதை வாசகர்கள் அறிவர்.

1951-இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே தொடங்கிய பூதான இயக்கம் இவர்களுடைய பாதையை வகுத்தது. தமிழகத்தின் சிற்றூர்களுக்கு நடந்தே சென்று, நிலமுடையோரிடம் நிலமற்றோருக்காகத் தானம் கேட்டனர். தானத்தால் மட்டும் தீராத அளவுக்கு இச்சிக்கல் ஆழமானது என்பதை 1968 டிசம்பர் 25 உணர்த்தியது. அன்றிரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். இத்துயரத்துக்குப் பின் இவ்விணையர் காவிரிக் கழிமுகப் பகுதியையே தம் களமாக்கிக்கொண்டனர்.

1981-இல் அவர்கள் தொடங்கிய 'லாஃப்டி' அமைப்பு, வங்கித் துறையினராகிய நமக்கு ஒரு பாடமாகவே அமைந்துள்ளது. நிலம் விற்க விரும்பும் உடைமையாளரையும் நிலமற்ற உழவரையும் ஒரே இடத்தில் அமர்த்தி, இருவருக்கும் ஏற்ற விலையைப் பேசி முடிப்பது முதற்படி. அவ்விலைக்கு வங்கிக் கடன் பெறுவது இரண்டாம் படி. கூட்டாக உழைத்து, விளைச்சலிலிருந்து தவணை செலுத்திக் கடனை அடைப்பது மூன்றாம் படி. தொடக்கத்தில் வங்கிகள் தயங்கின. முத்திரைத்தாள் கட்டணமும் பெருஞ்சுமையாக இருந்தது. ஈடாக வைக்க ஏதுமில்லாதவருக்கு எதை நம்பிக் கடன் தருவது என்பது எளிய கேள்வியன்று. உழைப்பையும் கூட்டுப் பொறுப்பையும் முன்வைத்தே இவர்கள் அதற்கு விடை தேடினர். இம்முயற்சியின் பயனாகச் சுமார் 13,000 குடும்பங்கள், குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்ற அளவில் நிலம் பெற்றன.

நிலங்களைப் பெண்களின் பெயரில் பதிவு செய்தது இத்திட்டத்தின் சிறப்பு. பத்திரம் அவள் பெயரில் இருக்கும்போது, அவளுடைய ஒப்புதல் இன்றி அந்த நிலம் கைமாறாது. நேற்றுவரை பிறர் வயலில் நடவு நட்டவள், இன்று தன் பெயரில் ஆவணத்துடன் வங்கி முகப்பில் நிற்க முடிகிறது. குடியுரிமை என்னும் சொல்லுக்கு அவள் வாழ்வில் பொருள் கிடைப்பது அங்கேதான்.

இவ்வாறு பெற்ற நிலத்தைக் காப்பதும் ஒரு போராட்டமாயிற்று. 1990-களில் நாகை வட்டாரத்தில் பெருகிய இறால் பண்ணைகள் நெல்வயல்களை விழுங்கின. உப்புநீர் கசிந்து கிணறுகள் பாழாயின. எண்பதை நெருங்கிய வயதில் ஜெகந்நாதன் அறப்போரில் இறங்கி, தில்லிவரை வழக்காடினார். தீர்ப்பு கிடைத்த பின்னும் அதைச் செயற்படுத்துவது எளிதாக இல்லை. 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பை ஓர் ஆணையத்தின் கீழ்ப் பதிவுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்படுத்தியது. ஆயினும் தொழில் வளர்ச்சியின் விலையை ஏழை உழவர் செலுத்தலாகாது என்ற கோட்பாட்டை அவ்வழக்கு நாட்டின் முன் நிறுத்தியது.

பெருமைகள் இவர்களைத் தேடி வந்தன. 1989-இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2008-இல், மாற்று நோபல் பரிசு எனப் போற்றப்பெறும் 'சரியான வாழ்வாதார விருது' இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. 2013 பிப்ரவரியில் ஜெகந்நாதன் மறைந்தார். 2020-இல், தம் 93-ஆம் வயதில், கிருஷ்ணம்மாள் பத்மபூஷண் விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கடன் என்பதை நாம் பெரும்பாலும் வட்டி, தவணை, ஈடு ஆகியவற்றால் அளக்கிறோம். காலத்தே கிடைக்கும் சிறு கடன், தலைமுறைகளாய்க் கூலியாக இருந்த குடும்பத்தை உடைமையாளர் ஆக்கவல்லது என்பதை இவ்விணையர் நடைமுறையில் மெய்ப்பித்தனர். அவர்கள் பெற்றுத்தந்த அந்த ஓர் ஏக்கர் நிலங்களில் தாமே உடைமையாளராய் நின்று உழவு செய்யும் குடும்பங்களே அவர்களுக்கு உரிய சிறப்பு.