ஏறுவது இருக்கட்டும், இறங்குமா?

கள்ளக்குறிச்சிப் பக்கம் புது வண்டி பார்க்கப் போகிறவர்கள் ஷோரூமில் கேட்கிற முதல் கேள்வி, "மலை ஏறுமாண்ணா?" என்பது. விற்பவருக்கும் அது பிடித்த கேள்வி. குதிரைத்திறன், டார்க், ஃபோர் வீல் டிரைவ் என்று மளமளவென வந்து விழும். ஆனால் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் போகிற தார்ச்சாலையில் ஏறாத வண்டி எது? அரசு பஸ் ஏறுகிறது. மூன்று பேரைச் சுமந்துகொண்டு நூறு சிசி பைக் ஏறுகிறது. சிமென்ட் மூட்டை அடுக்கிய மினி லாரி மூச்சு வாங்கியபடி ஏறிவிடுகிறது.

சாலையே சரியாகப் போய்ச் சேராத குக்கிராமங்களின் கதை வேறு. 2024இல் நீதிமன்றம் வரை பேசப்பட்ட அந்த ஊர்களில் குடியிருப்பவருக்கு நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி ஆடம்பரம் ஆகாது. வடகிழக்குப் பருவமழையில் செம்மண் பாதை குழம்பிப் போனால் அவருக்கு வேறு வழியில்லை. கரியாலூருக்கு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் படகில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறவர் அதையே வாங்குவதற்குக் காரணம் தேவையல்ல, ஆசை. ஆசைப்படுவதில் குற்றமில்லை, எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெரிந்தால் போதும்.

முரட்டு வண்டி என்றால் நடுத்தரக் குடும்பத்தின் பேச்சில் அடிபடுவது தார், ஜிம்னி, கூர்க்கா என்ற மூன்று பெயர்கள். தாரின் அடிப்பாகம் தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்கிறது அதன் குறிப்பேடு. 2023 ஜூனில் வந்த ஜிம்னிக்குத் தரை இடைவெளி 210 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 1.2 டன், எந்த மாடலை எடுத்தாலும் ஃபோர் வீல் டிரைவ் உண்டு. கூர்க்காவில் முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் டிஃபரென்ஷியலைப் பூட்டும் வசதி இருப்பதால், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது இழுக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தார் என்று பெயர் இருப்பதெல்லாம் ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. 2023 ஜனவரியிலிருந்து பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் விற்பனையில் இருக்கிறது. தோற்றம் ஒன்றுதான். 2025 செப்டம்பர் 22இல் வந்த வரி மாற்றத்துக்குப் பிறகு, நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,500 சிசிக்கு மிகாத டீசல் எஞ்சினும் உள்ள அந்த வகைக்கு 18 சதவீத வரி. பெரிய எஞ்சின் கொண்ட ஃபோர் வீல் தாருக்கு 40 சதவீதம். விலையில் பெரிய பள்ளம் விழுவதால், ஃபோர் வீல் கேட்டு வந்தவர் பாதியில் மனம் மாறுவதும் நடக்கிறது. மாறியவர் பெரும்பாலும் எதையும் இழக்கவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

ஊருக்குள் ஓட்ட எது வசதி என்பதற்கு நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். ஜிம்னியின் அகலம் 1,645 மில்லிமீட்டர், தாரின் அகலம் 1,820. கடைத்தெருவில் எதிரே ஷேர் ஆட்டோ வரும்போதும், மலையில் ஒற்றைச் சாலையில் பஸ்ஸுக்கு ஒதுங்கும்போதும் அந்த ஒரு சாண் பெரிய விஷயம். குழிகளுக்கும் வேகத்தடைகளுக்கும் 180 மில்லிமீட்டர் இடைவெளியே போதும். மலையிலேயே பிழைப்பு நடத்துகிற பொலிரோக்களும் பிக்கப்புகளும் பெரும்பாலும் பின்சக்கர இழுவைதான். குச்சிக்கிழங்கு மூட்டைகளை ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறக்குபவை அவையே.

இறக்குபவை என்பதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். மலையில் விளைவது கீழே வந்தாக வேண்டும். ஆக, முழுப் பாரம் இறங்கும்போதுதான். வண்டி வாங்குகிறவர்கள் யோசிக்காத பக்கம் இது.

எஞ்சினின் வலிமையை நான்கு சக்கரங்களுக்கும் பங்கிடுவது ஃபோர் வீல் டிரைவின் வேலை. நிறுத்துவது அதன் வேலை ஆகாது. பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்துக்கும் உண்டு, ஐந்து லட்ச ரூபாய் காரிலும்கூட. முரட்டு வண்டிகளுக்கு இதில் தனிச் சலுகை எதுவும் கிடையாது. மூன்று கதவுத் தார், ஜிம்னி, கூர்க்கா மூன்றிலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வண்டியும் ஆட்களும் சேர்ந்து இரண்டு டன் என்று வைத்துக்கொண்டு 600 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், அந்த இறக்கத்தின் ஆற்றல் முழுவதும் எங்காவது வெப்பமாக மாறியாக வேண்டும். கணக்குப் போட்டால், மூன்று குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு வருகிறது. எஞ்சினை வைத்துப் பிடிக்காமல் நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர் அதில் பெரும்பங்கை நான்கு பிரேக்குகளின் தலையில் கட்டுகிறார். டீசல் மிச்சமாகிறது என்று இதைப் பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு!

அடுத்து நடப்பது எளிய வேதியியல். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 வகை ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் கலந்த பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு வந்துவிடுகிறது. டாட் 4 வகையில் 230 டிகிரி, 155 ஆகக் குறையும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள். அழுத்தினால் குமிழி சுருங்கும், பிரேக் பிடிக்காது, மிதி தரைவரை போகும். வண்டி நாலு லட்சமா நாற்பது லட்சமா என்று குமிழிக்குத் தெரியாது.

2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர் மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காடு மலைப்பாதையில் தனியார் பேருந்து கவிழ்ந்தும் உயிர்கள் போயின. காரணங்கள் வேறு வேறாக இருக்கலாம். இரண்டு பேருந்துகளும் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில், மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் வெளியூர்க்காரரை விடுவார்கள். ஊட்டியிலிருந்து இறங்க விடமாட்டார்கள். ஆபத்து எந்தத் திசையில் என்று அந்தத் தடையை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கல்வராயன் பாதைகளில் அப்படி ஒரு கெடுபிடி கிடையாது. ஓட்டுபவரின் புத்திதான் கெடுபிடி.

ஃபோர் வீல் டிரைவ் பிரியர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மழையில் ஓடை குறுக்கிட்டால் அந்த வண்டிதான் காப்பாற்றும் என்பார்கள், அதுவும் உண்மை.

அவர்களுடைய வண்டியில் இறக்கத்துக்கு உதவும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஃபோர் வீல் டிரைவை '4 லோ' என்ற குறைந்த கியர் நிலையில் போட்டால், மண்பாதையின் செங்குத்து இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமலே எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஏறுவதைவிட இறங்குவதற்கு அது பெரிய துணை. ஆனால் காய்ந்த தார்ச்சாலை வளைவில் அதைப் போடக் கூடாது. முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டியிருப்பதால், வளைவில் டயர் தேயும், கியர்ப்பெட்டி முறுக்கேறும். தார்ச்சாலையில் இரண்டாவது கியர். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வதற்கு மாற்று இன்னும் வரவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்களில் பலர் டி-யில் போட்டபடியே இறங்குகிறார்கள். கையால் கியரைக் குறைக்கும் வசதி அதிலும் இருக்கிறது.

வாங்கிய பிறகு செய்கிற அலங்காரங்கள் வேறு. கம்பெனி கொடுத்த டயரைக் கழற்றிவிட்டுப் பெரிய டயர் போடுவது இப்போது மோஸ்தர். சக்கரம் பெரிதானால் அதை நிறுத்த அதே பிரேக் கூடுதலாகப் பாடுபட வேண்டும். மேலே கேரியர் வைத்துப் பாரம் ஏற்றினால், ஏற்கெனவே உயரமான வண்டி வளைவில் இன்னும் சாயும்.

வெள்ளிமலைக்கு மேலே மண்பாதையில் வீடோ காடோ இருக்கிறவர் ஃபோர் வீல் டிரைவ் எடுக்கட்டும். குறுகலான பாதை என்றால் ஜிம்னி, ஆளும் பாரமும் அதிகமென்றால் கூர்க்கா. மற்றவர்களுக்கு உயரமான பின்சக்கர வண்டியும் நல்ல டயரும் தாராளம். எதை வாங்கினாலும் டெஸ்ட் டிரைவைப் புறவழிச்சாலையோடு முடித்துக்கொள்ளாதீர்கள். குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு வெள்ளிமலையிலிருந்து கோமுகி அணை வரை இரண்டாவது கியரில் இறங்கிப் பாருங்கள். எதிரே ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டியவர் இறங்குகிறவர், சட்டமும் அதுதான். வாங்கிய பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். சர்வீஸ் பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.