எல்லையோரப் பட்டறைகள் – 9: போர்டிகோவில் ஒரு வெல்டிங் மெஷின்

போன வாரம் பார்த்த லேத்துக்குத் தளம் போட வேண்டும், த்ரீ ஃபேஸ் வாங்க வேண்டும், தனியாக ஒரு ஷெட்டும் வேண்டும். வெல்டிங்குக்கும் முன்பு ஏறக்குறைய அதே கதைதான். ஆயில் ஊற்றிய பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் நூறு கிலோவைத் தொடும். சக்கரம் இருந்தாலும் நகர்த்த இரண்டு ஆள் தேவை. இரண்டு ஃபேஸுக்குக் குறுக்கே கனெக்‌ஷன் கொடுத்து ஓட்டுவார்கள். ராடு உரசும்போதெல்லாம் தெருவில் பல்பு மங்கும். டிவி பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பட்டறைக்காரரைத் திட்டுவார்கள். மெஷின் வைத்திருப்பவர் முதலாளி, ராடு பிடிப்பவர் கூலியாள் என்ற ஏற்பாடு அந்த நூறு கிலோவின் மேல்தான் நின்றிருந்தது.

ஓசூரின் மூக்கண்டபள்ளி, சின்ன எலசகிரி, பேடரபள்ளிச் சந்துகளில் அந்த ஏற்பாடு கலைந்துவிட்டது. ஏழெட்டாயிரம் ரூபாய்க்கு இன்வெர்ட்டர் மெஷின் கிடைக்கிறது. ஐந்தாறு கிலோ எடை. தோளில் மாட்டலாம், எக்ஸெல் வண்டியில் காலடியில் வைத்துக்கொண்டும் போகலாம். (அந்த வண்டியின் மூத்தவனான டிவிஎஸ் 50 வெளிவந்தது 1980இல், இதே ஓசூரிலிருந்துதான்.) பகலில் கம்பெனியில் ஷிஃப்ட், மாலையில் வீட்டு போர்டிகோவில் ஜன்னல் கிரில் என்று இரண்டு வாழ்க்கை வாழ்கிறவர்கள் இங்கே ஏராளம். கம்பெனிக்குள் அவர்கள் பார்ப்பது ரோபோ கையும் சிஓ2 வெல்டிங்கும். வீட்டில் சிலிண்டருக்கும் வயர் சுருளுக்கும் முதல் போட முடியாது என்பதால் பெரும்பாலும் ராடு வெல்டிங்தான்.

மெஷின் இவ்வளவு சுருங்கியதற்குக் காரணம் ஐஜிபிடி என்ற ஒரு சின்ன மின்னணு சுவிட்ச். பழைய மெஷின் 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டை அப்படியே மாற்றித் தர வேண்டியிருந்ததால் அவ்வளவு இரும்பும் செம்பும் தேவைப்பட்டன. இன்வெர்ட்டர் வீட்டுக் கரன்ட்டை முதலில் டிசியாக மாற்றி, நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டிவிடுகிறது. அந்த வேகத்தில் உள்ளங்கையளவு டிரான்ஸ்ஃபார்மரே போதும். இந்த ஐஜிபிடியை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் உருவாக்கியவர் பி. ஜெயந்த் பாலிகா. 1948இல் சென்னையில் பிறந்து, பெங்களூரை ஒட்டிய ஜாலஹள்ளியில் வளர்ந்து, 1969இல் சென்னை ஐஐடியில் பட்டம் வாங்கியவர். 2024இல் பின்லாந்தின் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் பிறந்த ஊரையும் வளர்ந்த ஊரையும் இணைக்கும் நெடுஞ்சாலை கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகத்தான் போகிறது. நம் பட்டறைகளில் அவர் பெயர் தெரிந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்!

மெஷின் சுருங்கிவிட்டது, சரி. வீட்டு ஒயரிங்? அது மிக்சிக்கும் கிரைண்டருக்கும் போட்டது போட்டபடியே இருக்கிறது. என் பார்வையில் வீட்டுப் பட்டறையின் சிக்கல் முழுக்க இங்கேதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்தாம் நம்பர் ராடு, அதாவது 3.15 மி.மீ. நூறு ஆம்ப் வைத்து ஓட்டினால் ஆர்க்கில் சுமார் 24 வோல்ட் நிற்கும். ஆக 2,400 வாட். மெஷினுக்குள் வீணாவதையும் சேர்த்தால் 3,000 வாட். 230 வோல்ட்டில் இதற்கு 13 ஆம்ப் போதும் என்று தோன்றும். ஆனால் விலை குறைந்த மெஷின்களின் பவர் ஃபேக்டர் மோசம். நிஜத்தில் இழுப்பது 20 ஆம்ப் பக்கம் போய்விடும். பவர் பிளக்கோ 16 ஆம்ப்புக்குச் செய்தது. சாக்கெட் பழுப்பேறுவதும், பிளக்கைப் பிடுங்கினால் சுடுவதும், எம்சிபி விழுவதும் இதனால்தான். விழுகிற எம்சிபியைக் கழற்றிவிட்டுப் பெரியதாக மாற்றுகிறவர் சுவருக்குள் இருக்கும் ஒயரை எரிய வைக்கத் தயாராகிறார்.

எக்ஸ்டென்ஷன் பெட்டி இன்னொரு வில்லன். 1.5 சதுர மி.மீ ஒயரை 30 மீட்டர் இழுத்து 20 ஆம்ப் ஓட்டினால் வழியிலேயே 14, 15 வோல்ட் போய்விடும். சாயங்காலம் ஏற்கெனவே வோல்டேஜ் இறங்கியிருக்கும் தெருவில் இதுவும் சேர்ந்தால் ராடு ஒட்டாமல் என்ன செய்யும்? மெஷினைக் குறை சொல்லிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ செம்பு ஒயர், அதற்கென்று ஒரு எம்சிபி, இண்டஸ்ட்ரியல் சாக்கெட், ஒழுங்கான எர்த். வேண்டியது இவ்வளவுதான். கேட்டுக்கும் கிரில்லுக்கும் வரும் மெல்லிய ஹாலோ பைப்புக்குப் பன்னிரண்டாம் நம்பர் ராடில் 70, 80 ஆம்ப் போதும் என்பதையும் மறக்கக் கூடாது. பெரிய ராடைப் போட்டு பைப்பில் ஓட்டை விழுந்த பிறகு அதை அடைப்பதில்தான் பாதி மாலை போகிறது.

மெஷின் மேல் 200 என்று போட்டிருப்பதை நம்பி வாங்குகிறவர்கள் அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் டியூட்டி சைக்கிளைப் படிப்பதில்லை. 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓட்டலாம், நான்கு நிமிடம் ஆற விட வேண்டும். தகரக் கூரையின் கீழே சித்திரை வெயிலில் அந்த ஆறும் குறையும்.

இன்வெர்ட்டருக்கு எமன் கிரைண்டர். கட்டிங் வீல் பொறியில் பறக்கும் இரும்புத் தூளை மெஷினின் ஃபேன் உள்ளே இழுத்துப் போர்டின் மேல் படிய வைக்கும். ஒருநாள் ஷார்ட் ஆகும். பழைய மெஷின் எரிந்தால் உள்ளூரிலேயே காயில் சுற்றி வாங்கிவிடலாம். இதற்குப் போர்டைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், பாகம் தேடிப் பெங்களூர் எஸ்.பி. ரோடு வரை போக வேண்டும். சின்ன போர்டிகோவிலும் மெஷினை ஒரு மூலையில், கிரைண்டரை எதிர் மூலையில் வைக்கலாம். அவ்வப்போது பிளக்கைப் பிடுங்கி, ஈரமில்லாத காற்றை ஊதித் தூளை எடுத்தாலே ஆயுள் கூடும்.

எர்த் கிளாம்ப்பைச் சோம்பேறித்தனமாக ஷட்டரில் மாட்டுவதையும் பார்க்கலாம். வெல்டிங் கரன்ட் திரும்பி வர வழி தேடி, வீட்டு எர்த் ஒயர் வழியாகவே ஓடி அதை எரித்துவிடும். கிளாம்ப்பின் இடம் வேலை செய்யும் பீஸ்தான், அதுவும் வெல்டு வைக்கும் இடத்துக்கு அருகில்.

புகையைப் பற்றிப் பேசினால் பாலும் வெல்லமும் போதும் என்று சொல்லிவிடுவார்கள். இரண்டும் வயிற்றுக்குப் போகின்றன, புகை நுரையீரலுக்குப் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்தது. இந்தப் பக்கம் துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் புழக்கம் அதிகம். ஓசூர், தளி வட்டாரத்தில் ரோஜாவுக்கும் குடைமிளகாய்க்கும் போடும் பசுமைக்குடில்கள் எல்லாம் அதில்தான். ஜிஐ மேல் ராடு வைத்தால் துத்தநாகம் வெள்ளைப் புகையாக எழும்பும். சில மணி நேரம் கழித்து மலேரியா போலக் குளிர் காய்ச்சல் வரும், ஓரிரு நாளில் போய்விடும். பூச்சு எரிந்த அந்த மூட்டுதான் குடிலில் முதலில் துருப்பிடிக்கும் இடமும். நல்ல குடில் அமைப்பாளர்கள் கிளாம்ப்பும் போல்ட்டும் போடுவது இதனால்தான். மூட்டு முடிந்த மட்டும் போல்ட்டில் இருக்கட்டும். வெல்டிங் தவிர்க்க முடியாது என்றால் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில், காற்று பக்கவாட்டிலிருந்து குறுக்காக அடிக்கும்படி நின்று செய்யலாம்.

இனி சட்டம். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவில் இரண்டு மடங்குக் கட்டணம் போடலாம். சொந்த வீட்டு கேட்டுக்குக் கேள்வி இல்லை. ஊருக்கே கேட் செய்தால் தொழில் இணைப்பு வாங்கிவிடுவதே லாபம்.

எல்லையோரத்துக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. 2017இல் ஜிஎஸ்டி வந்து ஜூஜூவாடி எல்லைச் சாவடியில் வரிச் சோதனை நின்றதும், கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளிக்குக் கேட் கொண்டுபோவது பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோவது போல ஆகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் மாநிலம் தாண்டிப் பொருள் விற்றால் விற்றுமுதல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பதிவு வேண்டும். அதே கேட்டை வாடிக்கையாளர் வாங்கித் தந்த பைப்பில் கூலிக்குச் செய்து கொடுத்தால் அது சேவை. ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. எனவே அத்திப்பள்ளியிலிருந்து ஆர்டர் வந்தால் பைப்பையும் ஷீட்டையும் அவர்களையே வாங்கச் சொல்லுங்கள். பில் அவர்கள் பெயரில் இருக்கட்டும். ராடும் வீலும் உங்கள் கூலிக்குள் அடங்கட்டும்.