உறுப்பு மாற்றுச் சிகிச்சையும் வைரசுத் தொற்றுகளும்

1954 டிசெம்பர் 23 இல், பொஸ்ரன் நகரில் ஜோசப் மரேயும் அவர்தம் குழுவினரும் ஒத்த இரட்டையருள் ஒருவரது சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டனர். இரட்டையரின் மரபுரிமை ஒற்றுமையே அவ்வெற்றிக்கு அடிப்படையாகும். ஏனையோரின் உடலோ, பொருத்தப்பட்ட உறுப்பை அந்நியப் பொருளெனக் கொண்டு நிராகரிக்கும். இதனைத் தடுக்க 1960களில் அசதையோபிரினும், 1980களில் சைக்கிளோஸ்போரினும் பயன்பாட்டிற்கு வந்தன. இவை உடலின் நிர்ப்பீடனத்தை, அதாவது நோயெதிர்க்கும் ஆற்றலை, ஒடுக்குவன. எனினும், அந்நிய உறுப்பைத் தாக்கும் ரீ-கலங்களே வைரசு புகுந்த கலங்களையும் அழிக்கின்றன. ஒன்றை அடக்கி மற்றதை விட்டுவைக்க இம்மருந்துகளால் இயலாது. உறுப்பு மாற்றுச் சிகிச்சையின் அடிப்படை முரண்பாடு இதுவேயாம்.

ஆபத்து வெளியிலிருந்துதான் வருமெனக் கருதுதல் தவறு. உலகின் வயது வந்தோருட் பெரும்பாலோர் சைற்றோமெகலோ வைரசைத் தம்முடலிற் கொண்டுள்ளனர். நலமுள்ளோரில் அது உறங்குநிலையில் வாழ்நாள் முழுவதும் தங்கியிருக்கும். காவல் தளர்ந்ததும் விழித்தெழுந்து காய்ச்சல், வெண்குருதிக்கலக் குறைவு, நுரையீரல், குடல், ஈரல் அழற்சி ஆகியவற்றை உண்டாக்கும். தடுப்பு மருந்து அளிக்கப்படாவிடின், முதல் மூன்று மாதங்களிலேயே இது பெரும்பாலும் தலைகாட்டும். உறுப்பை வழங்கியவர் இவ்வைரசைக் கொண்டிருக்க, பெறுபவர் அதனை முன்னர் சந்தித்திராதவராயின் இடர் மிகப் பெரிது. அவ்வேளை உயிர் காக்கும் கொடையே தொற்றையும் சுமந்து வருகிறது.

பீகே வைரசின் வரலாறும் நோக்கற்பாலது. 1971 இல் இலண்டனில், சிறுநீரக மாற்றம் பெற்ற ஒருவரின் சிறுநீரிலேயே இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அவரது பெயரின் முதலெழுத்துகளே வைரசின் பெயராயின. இளமையிற் புகுந்து சிறுநீர்த்தொகுதியில் மறைந்துறையும் இவ்வைரசு, பொருத்தப்பட்ட சிறுநீரகத்தையே அழிக்கவல்லது. அப்போது குருதியிற் கிரியற்றினின் அளவு உயரும். நிராகரிப்பிலும் அவ்வாறே உயரும். நிராகரிப்பெனத் தவறாக எண்ணி ஒடுக்கும் மருந்தைக் கூட்டினால் வைரசு மேலும் பெருகும். வைரசுக்கு அஞ்சி மருந்தை அளவுமீறிக் குறைத்தால் உறுப்பு நிராகரிக்கப்படலாம். இவ்வைரசை அழிக்கும் உறுதியான மருந்து இன்னும் கிட்டாமையால், குருதிப் பரிசோதனையும் இழையப் பரிசோதனையும் காட்டும் வழியில் மருந்தின் அளவை நிதானித்துக் குறைப்பதே சிகிச்சையாகும்.

1964 இல் கண்டறியப்பட்ட எப்ஸ்ரீன்-பார் வைரசு வேறொரு வகையில் அச்சந்தருவது. ரீ-கலங்களின் கட்டுப்பாடு நீங்கிய நிலையில், அது தான் குடிகொண்ட பீ-நிணநீர்க்கலங்களைப் பெருகச் செய்து புற்றுநோய்க்கும் வழிகோலும். முன்னர் இவ்வைரசுக்கு ஆளாகாத சிறுவருக்கு இவ்விடர் அதிகம்.

அரிதாயினும் எதிர்பாராத தொற்றுகளும் உறுப்பின் வழியே கடக்கலாம். 2004 இல் ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் இறந்த ஒருவரின் உறுப்புகளையும் நாடித்துண்டையும் பெற்ற நால்வர் விசர்நாய்க்கடி நோயால் மாண்டனர். வழங்கியவரை வௌவால் கடித்திருந்தமை பின்னரே தெரியவந்தது.

இவற்றை எதிர்கொள்ளும் வழிகள் இன்று உள. வழங்குபவர், பெறுபவர் இருவரது குருதியையும் முன்கூட்டியே சோதித்தல், ஈரலழற்சி பீ முதலியவற்றுக்கான தடுப்பூசிகளைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே ஏற்றுதல், உயிருள்ள வைரசுத் தடுப்பூசிகளைச் சிகிச்சையின் பின் தவிர்த்தல், குருதியில் வைரசின் அளவைக் காலமுறைப்படி கணித்தல், சைற்றோமெகலோவுக்கு வல்கன்சைக்கிளோவிர் அளித்தல் என்பன அவற்றுட் சில.

ஆயின் இவையனைத்தும் பொருட்செலவு மிக்கவை. வடமத்திய மாகாண விவசாயிகளிடையே நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியுள்ள நமது நாட்டில் இது வெறும் மருத்துவப் பிரச்சினையன்று. சத்திரசிகிச்சை ஒருநாட் செயல். கண்காணிப்போ வாழ்நாட் கடமை. உறுப்பைப் பெற்ற ஏழைக்கு மருந்தும் பரிசோதனையும் எட்டாவிடின், அளிக்கப்பட்ட கொடை பயனற்றுப்போகும். எனவே, உறுப்பு மாற்றத்தின் வெற்றியை எத்தனை உறுப்புகள் பொருத்தப்பட்டன என்பதைக் கொண்டன்றி, பெற்றவர் எத்தனை ஆண்டுகள் நலமுடன் வாழ்ந்தனர் என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.