லைசென்ஸ் போட்டோ வேற, டிஜிட்டல் லைசென்ஸ் வேற

இன்னைக்கு சின்ன எபிசோட்தான், ஆனா வண்டி ஓட்டுற எல்லாருக்கும் தேவைப்படும். பர்ஸ் வீட்ல, போன் பாக்கெட்ல. சிக்னல் தாண்டினதும் டிராஃபிக் போலீஸ் கை காட்டி நிறுத்துறாங்க. போன்ல இருக்கிற லைசென்ஸைக் காட்டினா செல்லுமா?

செல்லும். ஆனா போன்ல அது எப்படி இருக்குங்கிறதுதான் விஷயம்.

முதல்ல சட்டம். 2017 செப்டம்பர்ல, ஒரிஜினல் லைசென்ஸ் கையில இருந்தே ஆகணும்னு தமிழ்நாடு அரசு கறாரா சொன்னது சிலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த பயம் இன்னும் நிறைய பேருக்குப் போகல. ஆனா அடுத்த வருஷமே மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 139-வது விதியைத் திருத்திட்டாங்க. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாத்தையும் எலக்ட்ரானிக் வடிவத்திலயும் காட்டலாம். 2020 அக்டோபர் 1-ல இருந்து இன்னும் தெளிவு: ஆன்லைன்ல சரிபார்த்து உறுதியாயிட்டா, கார்டைக் காட்டச் சொல்லி கேட்கக் கூடாது.

இப்ப முக்கியமான இடம். கேலரியில இருக்கிற லைசென்ஸ் போட்டோ டிஜிட்டல் லைசென்ஸ் இல்ல. ஸ்கிரீன்ஷாட்டும் இல்ல. டிஜிலாக்கர்லயே நீங்களா ஸ்கேன் பண்ணி அப்லோடு பண்ணினதும் கணக்குல வராது. அதுல ‘இஷ்யூட் டாக்குமென்ட்ஸ்’னு ஒரு பகுதி இருக்கு. அங்க வர்றது போக்குவரத்துத் துறையோட டேட்டாபேஸ்ல இருந்து நேரா வர்ற பதிவு. அதுக்குத்தான் ஒரிஜினலுக்குச் சமமான மதிப்பு. எம்பரிவாகன் ஆப்ல எடுக்கிற லைசென்ஸும் அப்படித்தான். போட்டோவை யார் வேணும்னாலும் எடிட் பண்ணலாம், டேட்டாபேஸ்ல கை வைக்க முடியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் பார்த்தவரைக்கும் ரெண்டு இடத்துல மாட்டும். ஒண்ணு, ஆதார்ல ஒரு பேர், லைசென்ஸ்ல வேற பேர். இனிஷியல் முன்ன பின்ன இருந்தாக்கூட டிஜிலாக்கர் இழுக்காம போகலாம். இன்னொண்ணு, அந்தக் காலத்து புத்தக லைசென்ஸ். அது கம்ப்யூட்டர்ல ஏறியிருக்காது. ரெண்டுக்குமே ஆர்.டி.ஓ. ஆபீஸ்லதான் வழி. அதுவரைக்கும் கார்டையோ புத்தகத்தையோ கையிலயே வச்சுக்கோங்க.

பதற்றத்துல “லைசென்ஸ் இல்ல சார்”னு மட்டும் சொல்லிடாதீங்க. லைசென்ஸே எடுக்காம ஓட்டுறது 2019 திருத்தத்துக்கு அப்புறம் 5,000 ரூபாய் அபராதம். கையில இல்லாதது வேற, எடுக்கவே இல்லாதது வேற. “டிஜிலாக்கர்ல இருக்கு சார், காட்டுறேன்”னு சொல்லுங்க. வண்டியை ஓரங்கட்டிட்டு ஆப்பைத் திறந்து காட்டுங்க. சந்தேகப்பட்டா, லைசென்ஸ் நம்பரை அவங்க சிஸ்டத்துல போட்டுப் பார்க்கச் சொல்லி மரியாதையா கேளுங்க.

ஒரே ஒரு வேலை: ஆப்பை இப்பவே போட்டு, லைசென்ஸை எடுத்து வச்சிடுங்க. ஆதார்ல இணைச்ச நம்பருக்குத்தான் ஓ.டி.பி. வரும். அந்த நம்பர் அப்பா போன்ல இருந்தா, ரோட்டோரமா நின்னு அவரை எழுப்ப வேண்டியிருக்கும்!