பெயர் வந்த வழி – 11: முதலெழுத்துக்குள் ஒளிந்த லெப்பை

கண்டிப் பக்கத்து முஸ்லிம் வீட்டுக் கல்யாணக் கார்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளையின் வாப்பா பெயருக்கு முன்னால் மூன்று, சிலவேளை நான்கு முதலெழுத்துகள் நிற்கும். ஏ.எல்., எம்.எல்., யூ.எல்., ஐ.எல். என்று அந்த வரிசையில் ஓர் 'எல்' வந்தால், பெரும்பாலும் அது லெப்பைதான். அகமது லெப்பை, மீரா லெப்பை, உதுமா லெப்பை, இஸ்மாயில் லெப்பை. கிழக்கே காத்தான்குடிக்கும் அக்கரைப்பற்றுக்கும் போனால் அதே சொல் லெவ்வை ஆகிவிடும்.

சென்ற வாரம் மரைக்காரைப் பார்த்தோம். அதனோடு ஒட்டியே வருகிற லெப்பையைத் தனியாக எழுத வேண்டும் என்று ஒதுக்கி வைத்தேன். மரைக்கார் இன்றைக்கும் கடைப் பெயர்ப்பலகைகளில் முழுசாக நிற்கிறது. லெப்பையோ ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டது. அந்த எழுத்தும் இப்போது தலைமுறைக்குத் தலைமுறை உதிர்ந்துகொண்டிருக்கிறது.

லெப்பை என்பது முதலில் ஒரு பொறுப்பு. ஊர்ப் பள்ளிவாசலில் முன்னின்று தொழுவிப்பவர், அந்தியில் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து அலிஃப், பே சொல்லிக்கொடுப்பவர், நிக்காஹ் ஓதுபவர், மௌத்தான வீட்டில் கத்தம் ஓதி துஆக் கேட்பவர், கந்தூரிச் சட்டி இறக்கியதும் பாத்திஹா ஓதுபவர், ஆட்டை கிப்லாப் பக்கம் திருப்பி அறுத்துக்கொடுப்பவர் எல்லாம் ஒரே ஆள். ஊருக்கு ஒரு லெப்பை இருந்தால் பிறப்பிலிருந்து கபுறடி வரைக்கும் காரியம் நடக்கும். அவருடைய மகனும் ஓதப் படித்து அதே இடத்துக்கு வருவார். இரண்டு தலைமுறை கடந்ததும் ஓதாத மகனையும் ஊர் 'லெப்பை வீட்டுப் பிள்ளை' என்றே கூப்பிடும். பதவி பெயரானது இப்படித்தான்.

சொல்லின் வேர் எது என்பதில் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போனவர்கள் சொல்லும் 'லப்பைக்' என்ற மறுமொழியிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார். 'அரபி' என்ற சொல்லே நாக்கில் உருமாறி லெப்பை ஆனது என்பார் இன்னொரு சாரார். ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியச் சாதிகளைத் தொகுத்து எழுதியவர்கள் இரண்டையும் பதிந்து வைத்தார்கள். எதை எடுத்தாலும் சொல் அரபில்தான் பிறக்கிறது. ஆனால் வேரைவிட, அது எங்கெல்லாம் போய் எந்த வேலையைச் செய்தது என்பதில்தான் எனக்கு அக்கறை. அந்தத் தடத்தைப் பிடித்தால் சொல்லின் வரலாறு தானாகத் திறக்கிறது.

தமிழ்நாட்டில் அது ஒரு சமூகத்தின் பெயராக விரிந்தது. 2007இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு தந்தபோது வெளியிட்ட பட்டியலில் அன்சார், தக்னி, துதேகுலா, மாப்பிள்ளை, ஷேக், சையத் ஆகியோரோடு 'லெப்பை' என்ற பிரிவும் இருக்கிறது. ராவுத்தரும் மரைக்காயரும் அதற்குள் அடக்கம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிட்டவர்கள், காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கப்பல் விட்டவர்கள், உள்நாட்டில் குதிரை வணிகம் செய்தவர்களின் வழிவந்தவர்கள் என்று பலரையும் ஓர் அரசாணை இந்தச் சொல்லின் கீழ்க் கொண்டுவந்துவிட்டது. தெற்குக் கேரளத்தில் இது லப்ப.

அதைவிட வியப்பானது மலாய்நாட்டில் கிடைக்கிறது. மலாய் மொழியில் 'லெபாய்' என்றால் பள்ளிவாசல் காரியம் பார்க்கும் பக்திமான். தமிழ் வழியாக அங்கே போன சொல் அது. 'பாக் லெபாய் மாலாங்' என்று ஒரு நாட்டுக்கதை உண்டு. ஒரே நாளில் இரண்டு விருந்துக்கு அழைப்பு வருகிறது. லெபாய் ஆற்றில் படகை இங்கும் அங்கும் வலித்து, கடைசியில் இரண்டு விருந்துமே தப்பிப்போகிறது. விருந்துக்கு அழைக்கப்படுகிற மனிதர், ஓதுகிறவர் என்பதால் அழைக்கப்படுகிறவர். நம்மூர்க் கந்தூரி லெப்பையேதான். வங்காள விரிகுடாவின் இரண்டு கரையிலும் சொல் ஒரே வேலையைச் செய்திருக்கிறது. எனவே கண்டிக்காரரின் 'எல்' எழுத்து அரபு நாட்டிலிருந்து நேராக வந்து இறங்கிய வம்சச் சான்று என்று நினைக்க வேண்டாம். அரபில் பிறந்த சொல் தமிழ் பேசிய துறைமுகங்களில் வளர்ந்து, அங்கிருந்து மலையேறியிருக்கிறது.

மலையேறிய காலத்துக்கும் சான்று உண்டு. கரையோரத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, 1626இல் கண்டி மன்னன் செனரத் அவர்களில் பெருந்தொகையினரைத் தன் ஆட்சிக்குட்பட்ட கிழக்குக் கரையில் குடியேற்றினான். கண்டி இராச்சியத்தின் உட்பகுதிகளிலும் முஸ்லிம்கள் குடியிருந்தார்கள். பொதிமாட்டுப் போக்குவரத்தைக் கவனித்த மடிகே என்ற பிரிவில் அவர்கள் சேவை செய்தார்கள். அரண்மனை வைத்தியர்களாகவும் இருந்தார்கள். உப்பும் கருவாடும் ஏற்றிவந்த பொதிமாட்டுப் பாதைகள் கரையோரத்தை மலையோடு இணைத்தன. அந்தப் பாதைகள் ஓதத் தெரிந்தவர்களையும் கூட்டி வந்தன.

இனி, கண்டி என்றாலே நினைவுக்கு வரும் லெப்பைக்கு வருவோம். முகம்மது காசிம் சித்திலெப்பை 1838இல் கண்டியில் பிறந்தார். தகப்பனும் சித்திலெப்பை என்ற பெயர் கொண்ட வழக்கறிஞரே. மகனும் 1862இல் அதே தொழிலுக்கு வந்தார். வாப்பாவின் பெயரே மகனுக்கும் கடைசிப் பெயராகத் தொடர்ந்திருப்பதைக் கவனியுங்கள். நம்மவர் வழக்கத்தில் அது அபூர்வம். ஆங்கில நீதிமன்றப் பதிவேடுகளில் புழங்கிய குடும்பம் என்பதால் லெப்பை அங்கே குடும்பப் பெயராகக் கெட்டிப்பட்டது என்பது என் எண்ணம். பள்ளிவாசல் பொறுப்பைக் குறித்த சொல், கறுப்பு அங்கி போட்ட வக்கீலின் கையெழுத்தாகிவிட்டது.

அந்தக் கையெழுத்தின் கீழே வந்த காரியங்கள் சாதாரணமானவை அல்ல. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை. 1884இல் கொழும்பில் மதரசா. பின்னால் சாஹிரா கல்லூரியாக வளர்ந்தது அதன் தொடர்ச்சிதான். 1885இல் 'அசன்பேயுடைய சரித்திரம்'. ஈழத்தின் முதல் தமிழ் நாவலாக எண்ணப்படுவது. மகளிர் படிக்க வேண்டும் என்று கண்டியிலேயே பெண்பிள்ளைப் பாடசாலை தொடங்கினார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த எதிர்ப்பு கொஞ்சமல்ல. ஆங்கிலம் படித்தால் பிள்ளைகள் மார்க்கத்தை விட்டுவிடும் என்று அஞ்சிய காலம். ஓதிக்கொடுத்த லெப்பைமாரின் பெயரைத் தாங்கிய ஒருவரே ஏட்டுக்கல்விக்கும் வழக்காடியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

1898இல் அவர் காலமானார். அதே ஆண்டில் அக்கரையில் இன்னொரு லெப்பையும் காலமானார்: கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம். அரபுத் தமிழில் 'மதீனத்துந் நுஹாஸ்', அதாவது தாமிரப் பட்டணம் என்ற கதையை 1858இல் எழுதியவர். அதைத் தமிழின் முதல் நாவல் என்று சொல்வோரும் உண்டு. இலங்கைக்கு வந்து ஊர் ஊராகப் பள்ளிவாசலும் மதரசாவும் எழுப்பியவர். ஒருவர் ஆலிம், இன்னொருவர் வக்கீல். இருவரும் தமிழில் கதை எழுதினார்கள், இருவரும் பாடசாலை கட்டினார்கள், இருவரும் லெப்பை.

அதே காலத்தில் கண்டியில் உண்மையான ஓர் அரபியரும் வாழ்ந்தார். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்து நாடுகடத்தப்பட்ட அரபி பாஷா 1883 ஜனவரியில் கொழும்பு வந்தார், 1892இல் கண்டிக்கு மாறினார், 1901இல் தாயகம் திரும்பினார். ஹலொலுவ வீதியில் அவர் இருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். சித்திலெப்பையின் கல்விப் பணிக்குத் துணை நின்றவர் அவர்.

அரபு வம்சம் என்ற பேச்சு அரசியலாகச் சூடுபிடித்ததும் அந்தப் பத்தாண்டுகளில்தான். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில், சோனகர் எனப்படும் இந்தத் தமிழ் பேசும் முஸ்லிம்கள் இனவழியில் தமிழரே என்று கட்டுரை வாசித்தார். மறு ஆண்டிலேயே சட்டசபைக்கு முதல் முஸ்லிம் உறுப்பினர் நியமிக்கப்பட்டார் என்பதை வைத்துப் பார்த்தால் வாதத்தின் பின்னணி விளங்கும். ஐ.எல்.எம். அப்துல் அசீஸ் 1907இல் விரிவான மறுப்பு எழுதி, சோனகரின் அரபு மூலத்தை வலியுறுத்தினார். அவருடைய முதலெழுத்துகளிலும் 'எல்' லெப்பை, 'எம்' மரைக்கார். இரண்டு தரப்பும் தேடிய விடை அந்த இரண்டு எழுத்திலேயே இருந்தது என்று நான் நினைக்கிறேன். கடல் கடந்து வந்தவர்களும் இருந்தார்கள், இங்கேயே பிறந்து இஸ்லாத்தை ஏற்றவர்களும் இருந்தார்கள். இருவரும் சேர்ந்து தமிழில் ஆக்கிக்கொண்ட பெயர்கள் இவை. ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து இழுத்தால் பெயர் கிழிந்துவிடும்.

இனி 'எல்' உதிரும் விதம். உதாரணத்துக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். மூத்தவாப்பா பெயர் அகமது லெப்பை. மகன் ஏ.எல். முகம்மது இஸ்மாயில். பேரன் எம்.ஐ. முகம்மது ரிஸ்வான். பூட்டன் எம்.ஆர். முகம்மது அஸ்லம். தகப்பன் பெயரே முதலெழுத்தாகும் வழக்கத்தில் லெப்பை ஒரு தலைமுறைக்குத்தான் எழுத்தாக நிற்கும். அடுத்த தலைமுறையில் காணாமல்போகும். யாராவது ஒரு பிள்ளைக்கு மறுபடியும் லெப்பை என்று பெயர் வைத்தால்தான் அது திரும்பி வரும். முன்பு அப்படி வைத்தார்கள், பேரனுக்கு மூத்தவாப்பாவின் பெயர் போனது. இப்போது வைப்பதில்லை. சில குடும்பங்கள் மட்டும் எல்லா எழுத்தையும் சேர்த்து இழுத்து, ஏ.எல்.எம்.ஐ. ரிஸ்வான் என்று எழுதும். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கிற நாளில் அந்தப் பிள்ளைதான் நான்கு எழுத்துக்கும் விரிவு கேட்டு வாப்பாவிடம் போகும்.

இதனால் உலகக் குடும்பப்பெயர்ப் பட்டியல்களில் லெப்பையைத் தேடுகிறவர் ஏமாறுவார். கடவுச்சீட்டு விண்ணப்பம் குடும்பப் பெயரை ஒரு பெட்டியிலும் ஏனைய பெயர்களை இன்னொரு பெட்டியிலும் கேட்கிறது. நம்மவரிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. கடைசிச் சொல்லை அந்தப் பெட்டியில் எழுதிவிடுவார்கள். ஒரே வாப்பாவின் பிள்ளைகளில் ஒருவர் தோஹாவில் ரிஸ்வான் குடும்பம், இன்னொருவர் மெல்பேர்னில் ரில்வான் குடும்பம். லெப்பை ஏனைய பெயர்களின் பெட்டிக்குள் போய்விடுகிறது.

அக்குறணையின் ஏ.சி.எஸ். ஹமீத் 1977 முதல் 1989 வரை நாட்டின் வெளிநாட்டமைச்சர். உலக அரங்கில் 'திரு. ஹமீத்' என்று அழைக்கப்பட்டார். ஹமீத் அவருடைய குடும்பப் பெயர் என்றுதான் வெளியார் எண்ணியிருப்பார்கள். முழுப் பெயர் அப்துல் காதர் ஷாகுல் ஹமீத். முன்பாதி பக்தாதின் அப்துல் காதிர் ஜீலானியை நினைவூட்டுகிறது, பின்பாதி நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையை. கண்டி மாவட்டத்தில் காதர், முஹிதீன், மீரா, ஷாகுல் ஹமீத் என்ற பெயர்கள் எவ்வளவு இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் நாகூர்க் கந்தூரிக்குப் போய்வந்த வழி தெரியும்.

லெப்பை பார்த்த பள்ளிவாசல் பொறுப்பின் பெயரும் மாறியது. 1884இல் வெலிகமையில் பாரி மதரசா, 1892இல் காலியில் பஹ்ஜத்துல் இப்றாஹீமிய்யா, 1924இல் ஜம்இய்யத்துல் உலமா. ஓதிப் பட்டம் பெற்று வந்தவர்கள் மௌலவி ஆனார்கள். லெப்பை என்பது பட்டம் இல்லாத பழைய ஓதுகாரரைக் குறிக்கும் சொல்லாகத் தாழ்ந்தது. கத்தம், பாத்திஹா கூடாது என்ற பிரச்சாரம் வலுத்தபோது அந்தத் தாழ்வு இன்னும் கூடியது. சுத்தமான அரபுப் பெயர் வேண்டும் என்று இன்றைய பெற்றோர் தேடுகிறார்கள். அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் றியாதிலும் கெய்ரோவிலும் யாருக்கும் இருக்கிற பெயரை நம் பிள்ளைக்கு வைக்கலாம்; லெப்பை என்ற பெயரை அங்கே யாரும் வைக்க முடியாது. கீழக்கரையும் காயலும் கண்டியும் காத்தான்குடியும் பினாங்கும் ஒரே கடலின் ஊர்கள் என்று அது சொல்கிறது. அந்த எழுத்தின் விரிவு தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலும் பழைய காணி உறுதியிலும் முழுப் பெயர் கிடைக்கும்.

காணி உறுதி என்றதும் இன்னொன்று. கண்டி மலைநாட்டுப் பழைய முஸ்லிம் குடும்பங்களின் உறுதிகளில் அரபுப் பெயருக்கு முன்னால் 'கே' என்று முடியும், வாசகம எனப்படும் சிங்கள வம்சப் பெயர் ஒன்று நிற்கும். முதலெழுத்துகளைப் போல அது உதிராது, அப்பனிலிருந்து மகனுக்கு அப்படியே போகும். மேற்கத்தியர் குடும்பப் பெயர் என்று எதைச் சொல்கிறார்களோ அது கண்டி முஸ்லிமிடம் அரபில் இல்லை, சிங்களத்தில் இருக்கிறது. பேராசிரியர் லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட நூலில் இந்தப் பெயர்களுக்கு முக்கிய இடம் தந்திருக்கிறார். கேகாலைப் பக்கத்துக் கெட்டபேரியவில் கண்டி மன்னர்களுக்கு வைத்தியம் பார்த்த முஸ்லிம் குடும்பம் வைத்தியதிலக ராஜகருணா கோபால முதலியார் என்ற பட்டத்தைத் தாங்கியது. அவர்களிடம் அடுத்த வாரம் போவோம்.